முன்வராதவர்கள் பற்றிய உயர்மட்டக் கூட்டம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. ஆனால் கூட்டம் போடுவதை ஒரு கலையாக்கியது காரைக்காலில், திருஞானசம்பந்தத்தின் கைவண்ணத்தால்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் மையம் ஒன்றுக்கு அவர் ஒருங்கிணைப்பாளர். அங்கே சிறுபான்மைச் சமூகத்தினருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று வருடமாகக் காலி. விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணி கடைசி. ஆகவே, 'அவர்கள் ஏன் முன்வருவதில்லை?' என்ற தலைப்பில் மூன்று மணிக்கே உயர்மட்டக் கூட்டம் கூட்டிவிட்டார். கடமை என்றால் கடமை.

அவர் படியேறும்போது வாசல் பெஞ்சிலிருந்து இருவர் எழுந்து நின்றார்கள். நசீமும் அவளுடைய இருபத்திரண்டு வயதுத் தம்பி சேக் அலாவுதீனும்.

"சார், தம்பிக்காக மனு கொண்டாந்திருக்கேன். இது ஏழாவது தடவ. மொதல்ல போட்டோ சின்னதுன்னாங்க, அப்புறம் பெருசுன்னாங்க. இன்னிக்கு எல்லாம் சரியா இருக்குங்க."

"உக்காருங்கம்மா. உங்க விஷயமாத்தான் உள்ள பேசப் போறோம். நடுவுல யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது."

உள்ளே பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. சமோசா வழங்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் உமாமகேஸ்வரி 'ஆழமான' உரை ஆற்றினார்.

"இந்தக் குடும்பங்களுக்குக் கூச்சம் அதிகம். நம்ம கதவத் தட்டவே தயங்குவாங்க."

கதவு தட்டப்பட்டது.

"யாரது?"

"நசீமுங்க. மணி நாலரை ஆச்சு."

"கூட்டம் நடக்குதும்மா!" என்று திருஞானசம்பந்தம் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"எங்க விட்டேன்?" என்றார் நிபுணர்.

"கதவத் தட்டத் தயங்குறதுல மேடம்."

மணி ஐந்தடித்தது. 'யாரும் முன்வராத காரணத்தால் மேற்படி இடம் ரத்து செய்யப்படுகிறது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கையெழுத்திட்ட பிறகுதான் விதிமுறை நினைவுக்கு வந்தது: சிறுபான்மைப் பிரதிநிதி ஒருவர் கையெழுத்திடாவிட்டால் தீர்மானம் செல்லாது. திருஞானசம்பந்தத்துக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய்த் தாழைத் திறந்தார்.

"வாங்கம்மா, வாங்க! தம்பி, நீங்களும் வாங்க! ஒரு சின்ன உதவி."

நசீம் தீர்மானத்தைப் படித்தாள்.

"நாங்க வரலன்னு நாங்களே கையெழுத்துப் போடணுமா? மாட்டேன் சார்."

ஆனால் பேனாவைக் கண்டதும் அலாவுதீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனுவில் கைநாட்டு வைக்கக் கூடாது, தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று ஒரு வருடமாகப் பழகியிருந்தான். பாவம், எழுத ஒரு காகிதம் கிடைத்ததே அவனுக்குப் போதும். நசீம் காகிதத்தை இழுக்கப் பார்த்தாள். திருஞானசம்பந்தம் அதை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாக்கைக் கடித்தபடி எழுத்தெழுத்தாக எழுதி முடித்த அலாவுதீன், அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"லாத்தா, சரியா இருக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவை கைதட்டியது. "என்ன ஒரு முன்னேற்றம்!" என்று நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சார், இப்ப இவன் வந்துட்டான்ல? அந்த இடத்தக் குடுங்க" என்றாள் நசீம்.

திருஞானசம்பந்தம் கருணையோடு சிரித்தார். "பிரதிநிதியாத்தாம்மா வந்திருக்காரு. பயனாளியா யாரும் வரலியே. இதோ பாருங்க, தம்பியே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

ஊரில் சேவை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். ஒருவனுக்குரிய இடத்தை அவன் கையாலேயே எழுதி வாங்கி, அதற்குக் கைதட்டும் வாங்கிக்கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.