சீனி தானம் பண்ணிய படம்

ஈப்போ புந்தோங்வாசி சீனி பிறந்ததிலிருந்து யாருக்கும் குடைகூட இரவல் கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் அன்று உலகத்துக்கே ஒரு போட்டோவைத் தானம் பண்ணப் போவதாக அறிவித்தார்.

போட்டோ, கல்யாணமான மறுவாரம் லூமுட் படகுத்துறையில் எடுத்தது. பின்னால் பங்கோர் தீவுக்குப் போகும் படகு. முன்னால் சீனி, தலை நிறைய முடி, வாய்கொள்ளாத சிரிப்பு. சிரித்தது கேமராவுக்குப் பின்னால் நின்ற மனைவி நவமணியைப் பார்த்து. அன்று அவள் பார்த்த பார்வைக்கு மனுஷன் இன்னும் ஏங்குகிறார். இப்போதெல்லாம் அவள் அப்படிப் பார்ப்பது வாணலியில் இருக்கும் நெத்திலியை மட்டும்தான்.

"இலவசமா படம் குடுக்கிற வெப்சைட்டு, மணி. யாரும் எடுத்துக்கலாம். ஆனா லைசென்ஸ் நாமதான் சொல்லணும். பேரு போடணுமா, விக்கலாமா, வெட்டலாமான்னு."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"என் பேரு கண்டிப்பா போடணும்! வெட்டவே கூடாது!"

நவமணி போனை எட்டிப் பார்த்தாள். "படத்த எடுத்தது நீங்கதானான்னு கேக்குதே?"

"ஆமான்னு தட்டிட்டேன்."

"ஐயோடா! படத்துல நிக்கிறது யாரு?"

"நான்தான்."

"அப்ப புடிச்சது யாரு, படகு ஓட்டினவரா?"

சீனி தலையைச் சொறிந்தார். "கேமரா என்னோடதுலா."

"சட்டியுந்தான் உங்களோடது. கொழம்பு யாரு வைக்கிறா? குடுங்க இங்க. புடிச்சவங்கதான் லைசென்ஸ் சொல்லணும்."

போன் கைமாறியது. அவள் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். சீனிக்கு ஒரு நப்பாசை. 'இத யாருக்கும் குடுக்க வேணாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா?

"அனுப்பியாச்சு. பேரு என் பேரு. விக்கலாம், வெட்டலாம், எல்லாத்துக்கும் சரின்னுட்டேன்."

சீனிக்கு ஒரே கேள்விதான். நான் இவ்வளவுதானா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் ஏதோ ஒரு சுற்றுலாப் பக்கத்தில் படம் வந்தது. கீழே 'படம்: நவமணி'. படகு முழுசாக இருந்தது. சீனி நின்ற இடத்தில் ஒரு முழங்கை மட்டும்.

"பாத்தியா மணி, என்னை வெட்டிட்டானுங்க!"

"அவங்க வெட்டல. நான்தான் வெட்டிட்டு அனுப்பினேன்."

"ஏன்?"

நவமணி திரும்பவில்லை. கடுகைப் போட்டாள். "படக உலகம் எடுத்துக்கட்டும்லா. உங்க மூஞ்சிக்கு நான் யாருக்கும் லைசென்ஸ் குடுக்கல."

சீனிக்கு ஜிவ்வென்று ஏறியது. லூமுட் காற்றே அடுப்படிக்குள் வந்துவிட்டது போலிருந்தது. குழைந்துகொண்டே கிட்டே போனார்.

"அப்ப முழங்கைய மட்டும் ஏன் விட்ட?"

"அது எப்பப் பாத்தாலும் அடுப்படியில என்னை இடிக்குது. அத உலகமே வச்சுக்கட்டும். தள்ளுங்க!"