இன்றும் படகு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கூரையில் முக்கால்வாசியும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். உன் மாமனார் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை, அவர் இங்கேதான் இருக்கிறார். காற்றில் தீவின் ஒரே டவரும் சாய்ந்து போன் செத்துக் கிடப்பதால் இந்தக் கடிதம். படகு ஓடும் அன்றைக்கு உன் கைக்கு வந்து சேரும்.

நீங்கள் தனிக்குடித்தனம் போகப் போவதாகச் சொன்னீர்களாமே, அதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று சண்டை பிடிக்க மனிதர் முதல் படகில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை. "பொண்ணைக் குடுத்துட்டு என் வீட்டை ரெண்டாக்கப் பாக்குறீங்களா? இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படகுத்துறைக்குப் போய்விட்டார். எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று சைக்கிளை மிதித்துப் போய் டிக்கெட் கவுண்டரைத் திறந்தால், முதல் ஆளாக அவர்தான் நிற்கிறார். அதற்குள் சிவப்புக் கொடி ஏறிவிட்டது, அலை துறைமேடையைத் தாண்டி விழுகிறது. என் முகத்தைப் பார்க்காமல் "ஒரு டிக்கெட்" என்றார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் "படகு இல்ல" என்றேன். சாப்பாட்டு நேரத்துக்கு அதே வாசப்படியை மிதித்து வந்தார், வேறெங்கே போவார். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. காலையில் கோபித்துக்கொண்டு பையோடு கிளம்புவார், மதியம் பையோடு திரும்புவார். உன் அம்மாவோ "பாவம், அலைஞ்சு வந்திருக்காரு" என்று எனக்கு வைத்த மீன் துண்டையும் அவர் தட்டில் போடுகிறாள். என் லுங்கியைக் கட்டிக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே முறைக்கிறார். கூரையில் ஓடு மாட்ட ஏணியைப் பிடிக்கச் சொன்னால், பிடித்துக்கொண்டே திட்டுகிறார். இறங்கி வந்து பதில் சொல்லவும் முடியவில்லை. ஆகவே காற்று நின்றதும் மாப்பிள்ளையை அனுப்பி, அவரைக் கையோடு கூட்டிப்போகச் சொல்.

தனியாகவோ சேர்ந்தோ, நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: நேற்று கூரையில் கடைசி ஓடு மாட்டும்போது கீழே திட்டு நின்றுவிட்டது. "சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கட்டும். ஆனா வீட்டுக்காரி போனப்புறம் உங்க பொண்ணு பேச்சுச் சத்தந்தான் எனக்கு வீடு. இனி யார்கிட்ட பேசுவேன்?" என்றார். குனிந்து அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனசு கேட்கவில்லையம்மா.

இன்று காலை காற்று அடங்கிவிட்டது. கொடியும் இறங்கிவிட்டது. கவுண்டருக்குப் பையோடு வந்தார். அசையாமல் கிடந்த கடலைப் பார்த்தார், படகில் ஏறிக்கொண்டிருந்த ஜனத்தைப் பார்த்தார். "காத்து இன்னும் அடங்கலையே, சம்பந்தி" என்றார். வந்த நாளிலிருந்து இப்போதுதான் என்னை அப்படிக் கூப்பிடுகிறார்.

"ஆமா சம்பந்தி, படகு இல்ல" என்றேன். பையை வாங்கி என் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையை அனுப்பாதே. இந்தக் கடிதம் அந்தப் படகில்தான் வருகிறது. சம்பந்தியிடம் சொல்லிவிடாதே.