அந்தோனியார் பவனிக்கு ஜீன்ஸ் தேய்த்த கதை

புனித அந்தோனியார் துணை

தொரிதாமா, ஜூன் 14

சாவோ பாவ்லோவில் இருக்கும் அன்புள்ள மூத்த அக்கா இவனில்டாவுக்கு, தங்கை சுலேய்ஜி எழுதிக்கொள்வது. நானும் இவரும் கோழிகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். அத்தானின் முட்டிவலிக்காக ஒரு நாள் ஜெபமாலை முழுவதையும் ஒப்புக்கொடுத்தேன். குறைந்ததா என்று எழுதவும்.

அக்கா, ஜெயித்துவிட்டேன்! நேற்றுப் பவனியில் இவர் அந்தோனியார் சப்பரத்தின் முன்தண்டைச் சுமந்தார். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த இடம், போன ஞாயிறு கைநழுவப் பார்த்தது. "ஜீன்ஸ் தைக்கிற ஊர் இது. கசங்கின ஜீன்ஸோட சப்பரம் தூக்கினா அந்தோனியாருக்கே வெட்கம். பவனியன்னைக்கு நாலு மணிக்கு நானே பார்ப்பேன். சரியில்லேன்னா ஜெனிவால்டோவுக்குப் பதிலா அடெல்சோன்" என்று எவரால்டோ சாமியார் பூசையிலேயே சொல்லிவிட்டார். அடெல்சோன் நம் அடுத்த வீட்டு லிண்டால்வாவின் புருஷன். அவள் அன்றைக்கே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டாள்.

இவருக்கு இருப்பதோ ஒரே நல்ல ஜீன்ஸ். துவைத்தேன், மழை விடவில்லை, எல்லாரும் செய்கிறபடி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அந்தச் சூட்டில் சொருகி வைத்தேன், மறுநாள் எடுத்தால் பின்கம்பி அத்தனையும் இரண்டு காலிலும் ஏணிப்படி மாதிரி பதிந்திருக்கிறது. லிண்டால்வா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, புருஷன் பேண்ட்டைக் கரி அடுப்புல வாட்டினியா? எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சாப்பிட்டுடலாம்."

"தட்டைக் கழுவி வை, அனுப்புறேன்" என்றேன்.

உனக்கும் உதவும், நோட்டில் குறித்ததை அப்படியே எழுதுகிறேன். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, வினிகர் கலந்த தண்ணீர் தெளித்து, ஈரத்துண்டு விரித்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும்வரை பெட்டியை அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும். எனக்கு நாற்பத்தேழு மரியே ஆனது. இடுப்புதான் அடுத்த வம்பு. இவருக்குப் பின்பக்கம் என்று ஆண்டவர் ஒன்றும் கொடுக்கவில்லையா, பட்டை பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், பெல்ட் போட்டு இறுக்கினால் சுருங்கிக் கொசுவமாகிவிடும். பட்டையின் உள்ளே இரண்டு சின்ன வெட்டுப் போட்டு, எலாஸ்டிக்கை நுழைத்து, இரு முனையையும் தைத்துவிட்டேன். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார் பாரு, வாலிபப் பையன் மாதிரி!

பாட்டுக் குழுவோடு நான் முன்னாலேயே போகவேண்டியிருந்ததால், ஜீன்ஸைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கிளம்பினேன். நாலு மணிக்கு வந்தார் அக்கா! ஒரு மடிப்பு இல்லை, இடுப்பில் ஒரு விரல் இடைவெளி இல்லை. சாமியார் சுற்றி வந்து பார்த்து, "ஜெனிவால்டோ, முன்தண்டு" என்றார். எனக்குப் பாட்டே மறந்துவிட்டது. லிண்டால்வா பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள்:

"இதான்டி தேய்ப்பு. யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"மாதாகிட்ட."

செய்முறையைக் கேட்டாள். இரவே எழுதிக் கொடுத்துவிட்டேன், பெருமைப்படாமல்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். அந்தோனியார் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
சுலேய்ஜி

பின்குறிப்பு: அக்கா, கடிதத்தை ஒட்டுமுன் படுக்கை விரிப்பை மாற்றினேன். மெத்தைக்கு அடியில் இவருடைய ஜீன்ஸ், பட்டன் இல்லாமல். கூப்பிட்டுக் கேட்டேன். "உன் எலாஸ்டிக்கோட மூச்சு விட்டேன், பட்டன் தெறிச்சு கோழி மேல விழுந்துச்சு. அடெல்சோன்கிட்ட ஓடினேன். அவனுக்குச் சப்பரம் தூக்கவே இஷ்டமில்ல, பொண்டாட்டி விரட்டுறா. ஜீன்ஸைக் குடுத்துட்டு வயித்து வலின்னு படுத்துட்டான்" என்கிறார். ஆக, ஊரே மெச்சியது லிண்டால்வாவின் தேய்ப்பு. தன் கைவேலையையே மெச்சி என்னிடம் செய்முறை வாங்கிப் போயிருக்கிறாள். மேலே எழுதியதை நீ செய்ய வேண்டாம். வேலிக்கு அந்தப்பக்கம் தையல் மெஷின் ஓடுகிறது. இவர் ராத்திரியே திருப்பிக் கொடுத்த அதே ஜீன்ஸில் எலாஸ்டிக் வைக்கிறாள். தடுக்கலாமா என்று அந்தோனியாரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.