பத்தாயிரம் மூட்டுவலிகள்

"பத்துல ஒண்ணுகூட எழுந்திருக்கலையா?" என்றார் மேலாளர்.

"எழுந்திருச்சிருச்சு சார். சொன்ன பேச்சுதான் கேக்க மாட்டேங்குது."

அலுவலகத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவள் திரையில் பத்து கன்டெய்னர்கள். அதாவது, கணினிக்குள் அடைத்து வைத்த பத்துக் குட்டிக் கணினிகள். ஒவ்வொன்றும் ஆயிரம் நோயாளிகளாக நடித்து, மருத்துவமனையின் புதிய டோக்கன் இணையதளத்தை ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். தளம் தாங்கினால் திங்கட்கிழமை திறப்பு. மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து நேரில் பார்க்க வருகிறார்கள். இப்போதே மணி பதினொன்று.

அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூட்டு தேய்ந்த அம்மா ஏழெட்டு மாதமாக, வாரா வாரம், விடியுமுன் போய் அந்த மருத்துவமனை வரிசையில் நிற்கிறாள். ஜன்னலை நெருங்குவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு வீட்ல இருக்கா, ஆத்தாளுக்கு ஒரு டோக்கன் வாங்கத் துப்பில்லை" என்று தாய்மாமன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"என்னதாம்மா கோளாறு?"

"ஒவ்வொண்ணுக்கும் அடையாளச் சான்றிதழ் குடுத்திருக்கு, அதுல ஒரு பேரு இருக்கு சார். இதுங்க ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் புதுப் பேரு வச்சுக்குதுங்க. பேரு ஒத்து வரலைன்னா, கட்டளை போடுற தலைமைக் கணினி நம்பாது."

"அப்ப அந்தச் சான்றிதழ்ப் பூட்டே வேணாம். கழட்டிப் போடு."

"பூட்டு இல்லைன்னா எவன் கட்டளை போட்டாலும் இதுங்க ஓடும் சார்."

"எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. கழட்டும்மா!"

கழற்றினாள். பத்தும் துள்ளி எழுந்தன. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக் குழு, அலுவலகத்தின் வருகைப் பதிவுத் தளத்தைச் சோதிக்கத் தன் கணினிகளுக்குக் கட்டளை போட்டது. அவளுடைய பத்தும் அதற்குத் தலையாட்டிவிட்டு, வருகைப் பதிவின் மேல் பாய்ந்தன. ஐந்தே நிமிடத்தில் அது படுத்தது. நூற்றறுபது பேர் அன்றைக்கு வேலைக்கே வராதவர்கள் ஆனார்கள். பட்டியலில் முதல் பெயர் மேலாளருடையது.

"நான் இங்கதான்யா நிக்கிறேன்!" என்று போனில் கத்தினார்.

"சிஸ்டத்துல நீங்க இல்லையே சார்" என்றது போன்.

அவள் சிரிக்கவில்லை. பத்துக்கும் மாறாத பெயர் வைத்தாள். ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தாள். பூட்டைத் திரும்பப் போட்டாள். ஒன்பது வழிக்கு வந்தன. ஏழாவது மட்டும் முரண்டு பிடித்தது. அது ஓடிய இயந்திரத்தின் கடிகாரம் நேற்றிலேயே நின்றிருந்தது. இன்று எழுதிய சான்றிதழ் அதைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவே இல்லை.

"இதுவும் லீவு போட்டுருச்சா?" என்றார் மேலாளர், ஈனக்குரலில்.

"இல்ல சார், நேத்து வேலைக்கு வந்தது இன்னும் வீட்டுக்குப் போகலை."

கடிகாரத்தைத் திருத்தி நிமிர்ந்தபோது மணி மூன்று. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், கூப்பிட்டால் மட்டும் பேசுகிறவர் போல, டோக்கன் ஜன்னல் எழுத்தர் நின்றார்.

எந்த நோய் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. யோசிக்காமல் பத்தாயிரம் பேருக்கும் மூட்டுவலியைக் கொடுத்தாள். பொத்தானைத் தட்டினாள்.

பச்சைக்கோடு ஏறியது. ஆயிரம், நாலாயிரம், பத்தாயிரம். ஒரு பிழை இல்லை. தளம் அசையவில்லை. மேலாளர் கைதட்டினார். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்கு எழுந்து போனார்.

எழுத்தர் மட்டும் திரையையே பார்த்தபடி நின்றார்.

"எந்தப் பிரிவும்மா இது?"

"மூட்டு. பத்தாயிரம் பேருக்கும் திங்கட்கிழமைக்கே டோக்கன் கிடைச்சிருச்சு. இனிமே எங்கம்மா விடியக்காலைல வந்து நிக்க வேண்டாம்ணே."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூட்டு டாக்டர் ரிட்டயராகி எட்டு மாசமாச்சும்மா, அதான் ஜன்னலைத் திறந்ததுமே டோக்கன் தீந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிக்கிட்டு இருக்கேன்."