எல்லாவற்றுக்கும் ஒரே ப்ளக்

ப்ளக் உள்ளே போகவில்லை. கரண்ட் போயிருந்தது. மனைவியின் ஆக்சிஜன் மெஷின் பீப் பீப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. ரொட்டி வேன் ஓட்டுபவர் கட்டிலடியில் மண்டியிட்டு, வீட்டு பேட்டரி ஒயரை அதில் திணித்துப் பார்த்தார். ஓட்டை சிறியது, ப்ளக் பெரியது. வேறு ஒயர் எடுக்க வேனுக்கு ஓடினார். திரும்புவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

மெஷின் நின்றால் அவள் மூச்சு நிற்கும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நான் தாங்குவேன். நீங்க போய் ஒயரைப் பாருங்க" என்றாள் மனைவி.

பார்த்தார். விளக்கு, விசிறி, ரேடியோ, மெஷின் எல்லாமே கரண்ட் போனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மூக்கு. வேனில் இருப்பதுபோல் வீடு முழுக்க சிகரெட் லைட்டர் ஓட்டையே வைத்துவிட்டார். விசிறி ஆடிய ஆட்டத்தில் அதன் ப்ளக் தானாகக் கழன்று விழுந்தது. பீடி பற்றவைக்கச் செய்த ஓட்டையில் உயிரை மாட்டலாமா என்று எலக்ட்ரிக் கடைக்காரர் கேட்டார். சிவப்பும் கறுப்பும் ஒட்டிய கனெக்டர்களை அள்ளிக் கொடுத்தார்.

"இழுத்தாலும் வராது. மாமியார் வீட்டு உறவு மாதிரி."

வீட்டிலும் வேனிலும் இருந்த பழைய ப்ளக்குகளையெல்லாம் வெட்டி எறிந்து, அதையே போட்டார்.

"அப்படியே என் மூக்குக்கும் ஒண்ணு போட்டுடுங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் சொன்ன உறவு லாரியில் வந்து இறங்கியது. மச்சினன். மாமா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் லாரியிலும் அதே கனெக்டரைப் போட்டிருந்தான். வீட்டு பேட்டரி இறங்கிக் கிடப்பதைப் பார்த்ததும், கேட்காமலே லாரி ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து வந்து மாட்டினான். லாரியில் இருபத்துநான்கு வோல்ட். விளக்கு ஒரு கணம் சூரியனாகிச் செத்தது. ரேடியோ புகைந்தது. மெஷின் மட்டும் சுவர் கரண்டில் இருந்ததால் பிழைத்தது.

"சேர்ந்துச்சே மாமா. சேரலைன்னா நான் ஏன் மாட்டப்போறேன்?"

லாரியோடு சேராத ப்ளக்காகப் பார்த்து, மறுபடி எல்லாவற்றையும் வெட்டினார். இந்த முறை திருகிப் பூட்டும் வட்ட கனெக்டர். வேலை கொல்லைப்புறத்தில் நாள்கணக்கில் நீண்டது. உள்ளே பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் வேகமாகத் திருகுவார். அவள் ஒருநாளும் அவரைக் கூப்பிடவில்லை.

வீடு முடிந்தது. வேன் பாக்கி. அன்றைக்குப் பார்த்து அவள் உதடு நீலமானது.

மச்சினன் வேனை ஓட்டினான். பின்னால் மெஷினில் புது கனெக்டர், வேனில் பழையது. பீப். அவர் பல்லால் ஒயரைச் சீவி, முறுக்கி, பிளாஸ்திரி சுற்றினார். ஆஸ்பத்திரி வரும்வரை அந்த முடிச்சை விரலால் அழுத்திப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். அக்கா வழியெல்லாம் அவர் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள் என்று மச்சினன் பிறகு சொன்னான். அவருக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மெஷின் மட்டும் திரும்பி வந்தது.

அதை எடுத்துப்போக வாடகைக்கு விட்டவர் வந்தார். ஒயர் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேன்காரர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"வேனையும் ஒரு நாள் முன்னாடியே மாத்தியிருக்கணும். ஒவ்வொரு பீப்புக்கும் எனக்கு உயிரே போச்சு."

வாடகைக்காரர் மெஷினைக் கீழே வைத்தார்.

"பீப் அடிச்சா உள்ளே இருக்குற பேட்டரிக்கு மாறிடுச்சுன்னு அர்த்தம் அண்ணே, அதுலயே பாதி நாள் ஓடும். அக்காவுக்கு முதல்லயே சொன்னேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, கையில வேலை இல்லைன்னா என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவாருன்னாங்க."