நான் மொண்டு வந்த கடல்

கடல் தண்ணீரை எங்கே மொண்டாலும் அது கடல் தண்ணீர்தான் என்று கல்யாணத்துக்கு முன்பு வரை உறுதியாக நம்பியிருந்தேன். படிக்காதவன் நம்பினால் பரவாயில்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி. (கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் வெள்ளைக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் தோட்டமே என்னுடையது என்று நினைத்திருப்பார்கள்.)

மலாக்காவில் நியாலாஸ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே ஆஸ்பத்திரி டிரசராக இருந்தவர் அருணாசலம். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலோ பிரசவமோ, டிரசர்தான் டாக்டர். அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கடலையே வளர்த்துக்கொண்டிருந்தார். உயிருள்ள பவளக் கற்கள், பூவைப் போல விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி, அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் எல்லாம் அதில் இருந்தன. லாரி டயரின் உள்டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, ஆஸ்பத்திரி ரப்பர் குழாய் வழியாக அந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விடுவார்கள். தினமும் காற்றடிப்பதும், சாமந்திக்கு இறால் நறுக்கி ஊட்டுவதும் அவர் மகள் மரகதத்தின் வேலை.

அந்த மரகதத்தைத்தான் நான் பெண் கேட்டேன்.

டிரசர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்போது அவர் தோட்டத்துக் கால்வாயில் விழுந்து கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தார். தொட்டியில் தண்ணீர் மாற்றும் நாள் தாண்டிவிட்டது. வழக்கமாக அவரே ஆஸ்பத்திரி வேனில் கடலுக்குப் போய்க் கொண்டுவருவார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, ஒரு வேலை செய்யுங்க. சுங்கை ரம்பாய்க்குப் போயி தண்ணி கொண்டாங்க. கரையில மொண்டுறாதீங்க. அங்க ஆறு வந்து கலக்குது. சம்பான் புடிச்சி, கரை கோடு மாதிரி தெரியுற வரைக்கும் உள்ள போங்க. தண்ணி ஏத்தத்துல இருக்கணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு ஐயா."

"கொண்டாந்துட்டு வாங்க. பொறவு மத்ததப் பேசுவோம்."

மற்றது என்றால் கல்யாணம். மரகதம் உள்ளேயிருந்து மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கழுவிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். "சாமந்தி சுருங்கிக்கிட்டே போவுது. நல்ல தண்ணியா கொண்டாங்க" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. உயிரே போனாலும் நல்ல தண்ணீர்தான் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

சபதம் படகுத்துறை வரைக்கும்தான் தாங்கியது. சம்பான் என்கிற அந்தச் சின்னப் படகில் ஒரு கால் வைத்தேன், அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. சற்று முன்புதான் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. கடல் வற்றத்தில் இருந்தது. மேலே, என்னை ஏற்றி வந்த தோட்டத்து லாரியின் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார்: "கிராணி, சீக்கிரம்லா! கர்பியூவுக்கு முன்னாடி தோட்டத்துக்குப் போவணும்!"

துறையில் குந்தி உட்கார்ந்து, கை எட்டிய இடத்தில் மொண்டேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் உப்பும் போய்ச் சேரக்கூடாது என்று சாலைக்குச் சாலை தடுப்பு போட்டிருந்தார்கள். சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, அதை உடுத்திக்கொண்டே உப்பு கடத்துகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. டிரசரின் வேனையும் அவர் கிறுக்கையும் காவலர்கள் அறிவார்கள். என்னை ஒருவருக்கும் தெரியாது. நானோ சாக்கு போட்டு மூடிய தகரங்களுக்கு நடுவில், வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தடுப்பில் நின்ற காவலர் சாக்கை விலக்கி விரலை விட்டு நக்கிப் பார்த்தார். லேசாக உப்புக் கரித்ததோ என்னவோ, துப்பினார். அடுத்த நிமிடம் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. டிரைவர், "எனக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் இருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முன்பு ஏதோ தோட்டத்தில் துரையாக இருந்தவர். தமிழ் பேசுவார். தோட்டத்தில் கற்ற தமிழ், அதில் மரியாதைக்கு இடமே கிடையாது.

"யாருக்கு உப்பு?"

"மீனுக்கு, துரை."

"மீனு எங்கே?"

"வீட்டுல இருக்கு, துரை."

"மீனு வூட்டுல, தண்ணி லாரியில. நீ நல்லா கதை சொல்றே. உள்ளே போட்டா தெரியும். இல்லே, கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்புறேன்."

நான் பிறந்தது பக்கத்து ஜாசினில், கப்பலே ஏறியதில்லை. எந்த ஊருக்கு அனுப்புவாரோ தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் என் வாழ்நாளிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"துரை, இது சுத்தமான நடுக்கடல் தண்ணி. சந்தேகம்னா அந்த மீனையே கொண்டாந்து விட்டுப் பாருங்க. கடல் மீன் இதுல ஜம்முன்னு நீந்தும்!"

இன்ஸ்பெக்டருக்கு இது பிடித்துப்போயிற்று. உடனே தோட்டத்துக்கு ஜீப்பை அனுப்பினார். ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கிய பிறகுதான் தேநீர் நிறம் எனக்கு ஞாபகம் வந்தது. (அதற்குப் பிறகு நான் கும்பிடாத சாமி இல்லை. மலாய்க்காரக் காவலர் தொழுததையும் ஓரக்கண்ணால் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன்.)

டிரசர் நொண்டிக்கொண்டே இறங்கினார். பின்னால் மரகதம், மடியில் அணைத்து வந்த கண்ணாடிச் சாடியோடு இறங்கினாள். சாடிக்குள் ஒரு கோமாளி மீன். இன்ஸ்பெக்டர் என் தகரத்தைக் காட்டி, "போடு" என்றார்.

மரகதம் தகரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலை முக்கி நாக்கில் வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் விடமாட்டேன்."

"என்னா?"

"இதுல என் மீனை விடமாட்டேன், துரை. செத்துப்போவும்."

அட கடவுளே! கட்டிக்கொள்ளப் போகிறவன் ஒரு பக்கம், விரல் நீள மீன் ஒரு பக்கம். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மனசு வெடித்துவிட்டது எனக்கு. "மரகதம், சும்மா ஒரு தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுங்க" என்றாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "துரை, இது கடல் தண்ணி இல்ல. ஆத்து வாயில மொண்ட தண்ணி. சம்பான் ஏறப் பயந்துக்கிட்டு கரையிலேயே மொண்டுட்டு வந்திருக்காரு. உப்பு கடத்துறவன் உப்பு உள்ள தண்ணியயில்ல கடத்துவான்? இதுல ஒரு சட்டி சாம்பாருக்கு உப்பு தேறாது. வேணும்னா காய்ச்சிப் பாருங்க."

காய்ச்சினார்கள். ஸ்டேஷன் அடுப்பில் ஒரு சட்டி நிறைய வைத்து, வற்ற வற்றக் காய்ச்சினார்கள். நான், டிரசர், மரகதம், மீன், காவலர்கள் என்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். கடைசியில் அடியில் ஒட்டிய சேறும், அதற்குள் எங்கேயோ இரண்டு சிட்டிகை உப்பும் மிஞ்சின. ஒரு குட்டி நண்டின் காலும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"போ, போ. உன்னை நம்பி காட்டுல உக்காந்தா எல்லாரும் நாளைக்கே சரண்டர்!"

விடுதலை கிடைத்தது. மானம் அங்கேயே சட்டியோடு போயிற்று. வீட்டு வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது டிரசர் மகளிடம் கேட்டார்: "என்னாம்மா, இவரையா?"

அவள் சாடியைப் பத்திரமாக இறக்கி வைத்தாள். "டியூபுக்குக் காத்தடிக்க ஆள் வேணும்லப்பா. எனக்குக் கை வலிக்குது."

அடுத்த நாள் டிரசர் நொண்டிக் காலோடு தானே போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். சாமந்தி விரிந்தது. எங்கள் கல்யாணமும் நடந்தது. தொட்டி பெண்ணோடு என் வீட்டுக்கு வந்தது. மாப்பிள்ளை தண்ணீரைத் தொடக்கூடாது என்று மாமனார் சபையறியச் சொல்லி அனுப்பினார்.

தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்தோம். தொட்டியின் கண்ணாடி மாறியது, அதைத் தாங்கிய சட்டம் மாறியது, சைக்கிள் பம்பு போய் மின்சார மோட்டார் வந்தது. மாமனார் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாமந்தி மட்டும் இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, இன்றும் எங்கள் கூடத்தில் தட்டு அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. என் பிள்ளைகள் எல்லாரையும்விட அதற்கு வயது அதிகம். மரகதம் அதனிடம் பேசும் குரலில் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் பழகிவிட்டது.

வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால், "இன்னைக்கு அப்பா மொண்ட தண்ணியா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மருமகன்கள் வந்த பிறகு அவர்களும் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பந்தியில்கூட ஒருமுறை கேட்டுவிட்டார்கள்.

இப்போது கடலுக்குப் போக வேண்டியதில்லை. மூட்டையில் கடல் உப்பு வருகிறது. பேத்தி அதை வாளியில் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்க்கிறாள். ஆனாலும் தொட்டியில் ஊற்றுவதற்கு முன்பு ஒரு சடங்கு பாக்கி இருக்கிறது. வாளி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வரும். நான் விரலை முக்கி நாக்கில் வைப்பேன். வீடே அமைதியாகக் காத்திருக்கும்.

"சரியா இருக்கு" என்பேன்.

உடனே உள்ளேயிருந்து மரகதத்தின் குரல் வரும்: "தாத்தா சரின்னுட்டாரா? அப்ப இன்னும் ரெண்டு பிடி உப்பு போடு!"