பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டீர்களே

அன்புள்ள அண்ணாவுக்கு உங்கள் தங்கை எழுதுவது. வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் குறைந்ததாகத்தான் அவர் சொல்வார் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனதிலிருந்து உங்கள் மாப்பிள்ளை துடைத்துத் துடைத்தே அதன் பச்சை நிறம் ஒரு சுற்று வெளுத்துவிட்டது. போன மாதம் அது பிரேக் பிடிக்காமல் எதிர்வீட்டு வக்கீலின் கேட்டில் போய் மூக்கை இடித்தது. இந்த மாதக் கடைசிக்குள் பிரேக் சரியானால் வண்டி மாப்பிள்ளைக்கே, இல்லையென்றால் வாங்குவதற்கு ஆள் அனுப்பிவிடுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள். கூடவே, "அவர் சொல்றதை நான் நம்ப மாட்டேன், நீ பார்த்துட்டு எழுது" என்றீர்கள். எதையும் எளிதில் நம்பாதவள் என்று சின்ன வயதிலிருந்து என்னைக் கேலி செய்த நீங்களே இப்போது அதை ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி. போனில் சொன்னால் அவர் பக்கத்தில் நின்று சைகை காட்டுவார். அதனால் கடிதம்.

பழுதானது பிரேக் பூஸ்டர். இரண்டு சட்டிகளை வாயோடு வாய் வைத்து மூடியது போன்ற கறுப்புச் சாமான். என்ஜின் பக்கம், பிரேக் மிதிக்கு நேர் முன்னால் இருக்கும். நாம் மிதிப்பதை அதுதான் பல மடங்காக்கித் தருகிறது. அது இல்லாவிட்டால் சுவரை மிதிப்பது போலத்தான். நம் பூஸ்டருக்குள் இருந்த ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. புதியது வந்து சேர்ந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். "பல்லு பிடுங்குறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். பல் டாக்டரைக் கட்டிக்கொண்டவள் இதற்கு என்ன பதில் சொல்வது?

சனிக்கிழமை கிளினிக்கை மதியமே சாத்திவிட்டு, தலையை மிதிகளுக்கு அருகே நுழைத்து, முதுகை இருக்கையில் கிடத்தி, கால்கள் இரண்டையும் மேலே போட்டுக்கொண்டு மல்லாந்துவிட்டார். நெற்றியில் விளக்கு, கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. மிதியையும் பூஸ்டரையும் கோத்திருக்கும் சின்ன ஊசி துருவேறி அசைய மறுத்தது. "கொஞ்சம்தான், இதோ வந்துடும், பயப்படாதீங்க" என்று அதனிடம் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. ஊசி வந்தது. அதை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினார், நான் வீட்டுக்கு எடுத்துப் போவேனோ என்பது போல. பிறகு நட்டுகளைக் கழற்றி, எண்ணெய்க் குழாய்களைப் பிரிக்காமலே, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அலுங்காமல் ஒதுக்கி, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தினார். குறை சொல்லக் காத்திருந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் என்ஜினை ஓடவிட்டு மிதித்தால் மிதி கல்லு மாதிரி நிற்கிறது.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டி ஏற்கெனவே யாருடனோ புறப்பட்டுவிட்டது போல அதன் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மட்டமான சாமானை அனுப்பிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் குழாய் காற்றை இழுக்கிறதா பாருங்கள் என்றேன். என்ஜின் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சினால்தான் அது வேலை செய்யும். குழாயைப் பிடுங்கி அதன் நுனியில் விரலை வைத்தேன். ஓடுகிற என்ஜின் விரலை இழுக்கவே இல்லை. அவர் பல் குடையும் தன் கொக்கியைக் குழாயின் வளைவுக்குள் விட்டுத் துழாவி எதையோ இழுத்தார். இறுக்கிச் சுருட்டிய பஞ்சு வந்தது. பழைய பூஸ்டரைக் கழற்றியதும் தூசி போகாமலிருக்க அவரேதான் அடைத்திருக்கிறார். குழியைக் கண்டால் பஞ்சை வைத்துப் பழகிய கை அவரைக் கேட்கவில்லை. "இதை உங்க அண்ணனுக்கு எழுதாதே" என்றார். "அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும்னு குழாய்கிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

குழாயை மறுபடி மாட்டிவிட்டு என்னை இருக்கையில் உட்காரச் சொன்னார். என்ஜினை அணைத்துவிட்டு மிதியைப் பலமுறை அழுத்தி, அது இறுகியதும் காலை அப்படியே வைத்திருக்க வேண்டுமாம். என்ஜினைக் கிளப்பினால் மிதி கொஞ்சம் இறங்க வேண்டும், அதுதான் சோதனை. அண்ணா, காற்றின் அழுத்தத்தைக் கல்லூரியில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு பக்கம் காற்று இல்லாவிட்டால் மறுபக்கத்துக் காற்று தள்ளும் என்று அம்புக்குறி போட்டுத் தூங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். அவர் சாவியைத் திருப்பினார். மிதி என் காலடியில் இறங்கியது. நான் கூடுதலாக அழுத்தவில்லை. யாரோ என் பாதத்தை உள்ளங்கையில் வாங்கி மெதுவாகத் தாழ்த்தியது போலிருந்தது. வேறு யாருமில்லை, காற்றுதான். ஷெட்டுக்குள் பெட்ரோல் வாசனையோடு சும்மா நின்றிருந்த அதே காற்று, எதிர்ப்பக்கம் காலியானது தெரிந்து வந்து என்னோடு சேர்ந்து மிதிக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "என்ன ஆச்சு, பிடிக்கலையா?" என்று அவர் பதறினார். "அணைச்சுட்டு இன்னொரு தடவை போடுங்க" என்றேன். அதையே எத்தனை தடவை சொன்னேனோ, எதிர்வீட்டு வக்கீல் வெளியே வந்து இன்னும் ரிப்பேர்தானா என்று விசாரித்தார்.

எங்கள் தெரு வக்கீல் வீட்டை நோக்கித்தான் சரியும். அந்தச் சரிவில் நானே ஓட்டினேன். வக்கீல் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார், வருவதென்றால் உள்ளேயே வந்துவிடட்டும் என்று. தொட்டதும் தெரியாமல் மிதித்தேன். அவ்வளவு இரும்பும், அவ்வளவு சரிவும் அந்தத் தொடுகைக்கு அடங்கி நின்றன. எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்த பிறகும் இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, பார்த்ததை எழுதுகிறேன். பிரேக் பிடிக்கிறது. வண்டியை மாப்பிள்ளையிடமே விட்டுவிடுங்கள், அதைப் பிரிந்தால் அவர் தாங்க மாட்டார். எனக்கு அதன்மேல் எந்த ஆசையும் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் என் சிபாரிசுக்கு மதிப்பு.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசிகள், உங்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். பஞ்சு விஷயத்துக்குக் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இனிமே அதுல எனக்கு என்ன வேலை? ஆளை வரச் சொல்லிடலாம்" என்கிறார். கிளினிக்கில் யாரோ ஓடாத படகு என்ஜின் ஒன்றைப் பற்றிச் சொன்னார்களாம், காலையிலிருந்து அதே பேச்சு. எனவே மேலே அவருக்காக நான் கேட்டதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், வண்டியும் இருக்காது.